றுமைஸாவின் முழங்கால்

காத்தான்குடி,
திங்கட்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள மகன் ஜிப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மா எழுதுகிறேன். அந்த வெயில் நாட்டில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வக்துத் தொழுகையிலும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே வாப்பாவுக்குப் பிரஷர் பரவாயில்லை, கடைக்குப் போய் வருகிறார். தங்கச்சியின் மகள் நஸ்ஹாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போய்விட்டது, கச்சான் காற்று அடித்து ஊரெல்லாம் இருமல்தான். எனக்கு உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை, மனம்தான் ஒரு நிலையில் இல்லை. பயமாக இருக்கிறது மகன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வேறு கதை எழுதிவிட்டுக் கடைசியில் ஸலாம் போட்டு முடித்துவிடுவேன், என்னை உனக்குத் தெரியும்தானே.

கையில் போன் இருக்கும்போது உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். உன் தங்கச்சி றுமைஸாவின் கட்டில் முன் மண்டபத்தில் கிடக்கிறது, வீட்டின் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவளுக்குக் கேட்கும். குரலைப் பதிந்து அனுப்பலாம் என்றால் நீ அதை அப்படியே அவளுக்குத் தட்டிவிட்டு இது உண்மையா தங்கச்சி என்று கேட்பாய், போன வருடம் என் பல்வலிக் கதையை வாப்பாவுக்கு அனுப்பி எனக்கு ஏச்சு வாங்கித் தந்தவன்தானே நீ. எதிர்வீட்டு ஹாஜியாரின் மகன் நாளைக்குப் பின்னேரம் புறப்பட்டு டோஹாவுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன். நஸ்ஹாவின் கொப்பியில் தாள் கிழித்துக்கொண்டு குசினிப் படியில் இருந்து எழுதுகிறேன், ஓரத்தில் அவள் கீறிய பூனை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து நீ போன் எடுப்பாய், தங்கச்சி கிளினிக் போறாவா உம்மா என்று கேட்பாய். ஓம் மகன், கிழமைக்கு ரெண்டு தரம் போறா, நல்ல முன்னேற்றம் இருக்கு என்பேன். அது பொய். விபத்து நடந்து ஏழு மாதமாகிறது, இந்த ஏழு மாதத்தில் அவள் கிளினிக்குக்குப் போனது ஒரே ஒரு தரம்தான், அந்த ஒரு தரமும் பாதியில் நானே எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நான் உன்னிடம் பொய் சொல்லும்போதெல்லாம் அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள், உன்னோடு பேசும்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். இப்போது அவளுடைய இடது முழங்கால் மடங்குவதில்லை. கொஞ்சம் மடங்கும், அதற்கு மேல் பூட்டுப் போட்டது மாதிரி நிற்கிறது. கதிரையில் இருந்தால் கால் நீட்டிக்கொண்டு நிற்கும், தொழுகையில் இருப்புக்கு வர முடியாது, கட்டிலில் இருந்துதான் தொழுகிறாள். இருபத்தேழு வயது.

எங்கே பிழை விட்டோம் என்று எழுதிப் பார்க்கிறேன். விபத்து உனக்குத் தெரிந்ததுதான். நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம், அவளும் மருமகன் றினாஸும் கல்முனைக்கு நோன்புக்குச் சாமான் வாங்கப் போய்விட்டு பின்னேரம் அஸருக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் திரும்பி வருகிறார்கள், குருக்கள்மடம் தாண்டும்போது மாடு குறுக்கே பாய்ந்தது. றினாஸ் அந்த இடத்திலேயே மௌத்து. இவளுக்குத் தொடை எலும்பு முறிந்து முழங்காலும் அடிபட்டிருந்தது. அவருடைய ஜனாஸாவைக்கூட அவள் பார்க்கவில்லை, ஒப்பரேஷன் தியேட்டரில் கிடந்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது எலும்பு டொக்டர் என்னையும் வாப்பாவையும் நிற்க வைத்துத் தெளிவாகத்தான் சொன்னார். எலும்பு கம்பி போட்டுப் பொருத்தியாயிற்று, அது தன்பாட்டில் ஒட்டும், முழங்கால் தன்பாட்டில் மடங்காது, இன்றிலிருந்து மடக்கிப் பழக்க வேண்டும், செவ்வாயும் வியாழனும் பயிற்சி அறைக்குக் கூட்டி வாருங்கள் என்றார். தேதி போட்ட அட்டை ஒன்றும், பயிற்சிகளைப் படமாகக் கீறிய தாள் ஒன்றும் தந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். தலை ஆட்டுவதில் நம் வீட்டை மிஞ்ச ஆள் இல்லை.

முதல் செவ்வாய் கூட்டிக்கொண்டு போனேன். கால் மடங்காத பிள்ளையை ஓட்டோவில் எப்படி ஏற்றுவது? குறுக்கே இருத்தி, காலை வெளியே நீட்டி, அதன்மேல் நான் அபாயாவை விரித்துப் பிடித்துக்கொண்டு போனோம். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, அவ்வளவுதான், என் கையைப் பிடித்தாள் பார், அவள் நகம் பதிந்த காயம் ஆற நாலு நாள் எடுத்தது. உம்மா, திருப்பச் சொல்லுங்க, திருப்பச் சொல்லுங்க என்று பாலம் முடியும் வரை கத்தினாள். வாவியைப் பார் மகள், தண்ணியப் பார் என்று நான் ஏதோ உளறிக்கொண்டு வந்தேன். அங்கே பயிற்சி கொடுக்க ஜெனிற்றா என்று ஒரு பிள்ளை, புளியந்தீவில் வீடாம், கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தாள், பெண்பிள்ளைக்குப் பெண்பிள்ளைதான் வேண்டும் என்று நான் வாய் திறக்கும் முன்னமே திரையை இழுத்து மூடிவிட்டுத் தானே வந்தாள். குணமான பிள்ளை. ஆனால் காலைப் பிடித்து மடக்கியபோது றுமைஸா உம்மா என்று வைத்த சத்தம் இருக்கிறதே, அவளைப் பெற்றபோது நான்கூட அப்படிக் கத்தவில்லை. நான் ஜெனிற்றாவின் கையைத் தட்டிவிட்டேன். விடுங்க புள்ள, என்ட புள்ள பட்டது காணும் என்று சொல்லிவிட்டு அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஜெனிற்றா பின்னால் வந்து, அம்மா, நோகும்தான், இப்ப நோகாட்டி பிறகு ஏலாமப் போயிடும் என்று சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் அஸீமா மாமி நின்றா. வாப்பாவின் கூடப்பிறந்த ராத்தாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நல்ல மனுஷிதான், வாய் மட்டும் முன்னால் போகும். புருஷன் மௌத்தாகி இத்தா இருக்கிற புள்ளயத் தெருவுல கொண்டு திரியிறியா நஸீபா, நாலு மாசம் பத்து நாள் வீட்டோட பொறுக்க ஏலாதா, எலும்பை ஆட்டினா விலகிடும், எண்ணெயப் போட்டுக் கிடத்திவை என்று சொன்னா. மகன், அந்த நேரம் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நிம்மதி வந்தது. இனி அந்தப் பாலத்தில் அவளைக் கொண்டுபோகத் தேவையில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்கத் தேவையில்லை. இத்தா என்ற ஒரு சொல் போதும், எவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அவள் கட்டிலைச் சுற்றித் திரை போட்டேன், வெள்ளை உடுப்பு எடுத்துக் கொடுத்தேன், கிளினிக் அட்டையைக் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

ஜெனிற்றா போன் எடுத்தாள். மூன்று தரம் எடுத்தாள். முதல் தரம் நான், அவ இத்தா இருக்கா மகள், வெளிய வரப்படாது என்றேன். அந்தப் பிள்ளை, சரி அம்மா, உங்கட சமயத்தைப் பற்றி நான் சொல்ல ஏலா, வீட்டிலயாவது மடக்கிப் பாருங்க என்றாள். எங்கள் பிள்ளையாக இருந்தால், யாரு உங்களுக்கு அப்படிச் சொன்ன என்று கேட்டிருப்பாள். அவள் கிறிஸ்தவப் பிள்ளை, எங்கள் மார்க்கத்தில் தலையிடுவது மரியாதை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டாள். நானும் அவளுடைய அந்த மரியாதையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன். மற்ற இரண்டு தரமும் அதையே சொன்னேன், மூன்றாம் தரம் கொஞ்சம் குரலை உயர்த்தியும் சொன்னேன், பிறகு அவள் எடுக்கவில்லை. ஆம்பிள்ளைகளும் கேட்கவில்லை. வாப்பா கடைக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும், இத்தா முடியட்டும் என்பார், பின்னேரம் வரும்போது அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கி வருவார்.

இனி எழுதப்போவதை உன் வாப்பாவுக்குக்கூட நான் நேற்றுத்தான் சொன்னேன். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் கிழமை, பள்ளிவாசல் மௌலவியின் வீட்டுக்கு ஸதகா அரிசி கொடுக்கப் போனேன். அவருடைய மனைவி ஸுஹைனா, மகள்ட கால் எப்படி, கிளினிக்குக்குப் போறாவா என்று கேட்டா. இத்தாவில எப்படிப் போற என்றேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தா. மௌலவி திரைக்கு அப்பால் நின்றே சொன்னார், மருந்துக்குப் போறதுக்கு என்ன தடை தாயே, தேவைக்கு வெளியில போகலாம், ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பனே என்று. அவருக்கே மனம் வருந்திவிட்டது, இன்னும் என்னவெல்லாமோ சொன்னார், எனக்குக் காது அடைத்துவிட்டது. இத்தா முடிய அப்போது இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தது. நான் நேரே வீட்டுக்கு வந்து அந்த அட்டையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. கேட்காதது அறியாமை என்று வைத்துக்கொள், கேட்ட பிறகும் மறைத்ததற்கு என்ன பேர்? மார்க்கம் அவளைத் தடுக்கவில்லை மகன், நான்தான் தடுத்தேன், தடுத்துவிட்டுப் பழியை மார்க்கத்தின் மேல் போட்டேன். ஒவ்வொரு தொழுகையிலும் இதற்குத் தௌபா செய்து மன்னிப்புக் கேட்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இத்தா முடிந்தது. அதற்குப் பிறகாவது கூட்டிப் போனேனா என்றால் அதுவும் இல்லை. ஒரு கிழமை வெயில் என்றேன், ஒரு கிழமை ஓட்டோவில் கால் கொள்ளாது, வேன் கிடைக்கட்டும் என்றேன். நடந்து பழக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவில் இருக்க வேண்டும், ஓட்டோவில் இருக்க முழங்கால் மடங்க வேண்டும் என்று வாப்பாவுக்குச் சொல்லிச் சிரித்தேன், அவரும் சிரித்தார். இதற்கிடையில் நான் அவளை ஒரு வேலை செய்ய விடவில்லை. முகம் கழுவும் தண்ணீர் கட்டிலுக்கு வரும், சோறு பிசைந்து ஊட்டுவேன், கொமட் கதிரை வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன், வோக்கர் ஒன்று தந்திருந்தார்கள், அதில் நஸ்ஹாவின் உடுப்பு காயப் போட்டேன். அவள் எழும்பப் பார்த்தால், படு மகள், விழுந்துடுவா என்பேன். எனக்கு அவள் விழுவதுதான் பயம். மாடு குறுக்கே வந்த அன்றிலிருந்து எனக்கு எதைக் கண்டாலும் பயம், நஸ்ஹா படியில் இறங்கினால் பயம், வாப்பா கடையால் வரப் பத்து நிமிடம் பிந்தினால் பயம், போன் அடித்தால் பயம். கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது என்று என் புத்தி சொல்லிற்று. அவள் கட்டிலில் கிடக்கும் வரைக்கும் நான் நித்திரை கொண்டேன்.

மற்றவர்களும் அவளுக்குத்தான் மனம் இல்லை என்று நினைத்தார்கள். புருஷன் போன துக்கம், அவளுக்கே எழும்ப விருப்பமில்லை என்று அஸீமா மாமி சொல்வா, நானும் ஆமாம் என்பேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு மௌத்து வீட்டுக்குப் போய்விட்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வருகிறேன், மண்டபத்தில் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. என் உயிர் போய் வந்தது. குளியலறை வாசலில் கிடக்கிறாள், வோக்கர் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது, அதில் காயப் போட்ட உடுப்பெல்லாம் மடித்துக் கட்டிலில் வைத்திருக்கிறது. கம்பி போட்ட காலின் மேலேயே விழுந்திருக்கிறாள். நான் கத்தினேன், அவள் கத்தவில்லை. தூக்கப் போனேன், தொடாதீங்க உம்மா, நானே எழும்பிப் பார்க்கன் என்றாள், அவளால் எழும்ப முடியவில்லை, என்னாலும் தூக்க முடியவில்லை, இரண்டு பேரும் ஈரத்தில் இருந்துகொண்டோம். பிறகு பார்த்தால் அவள் தலையணைக்குக் கீழே அந்தப் படத்தாள் இருந்தது மகன், ஆஸ்பத்திரியில் தந்த தாள், மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டது. எத்தனை மாதமாக என்று கேட்டேன். நோன்புக்குள்ளேயே தொடங்கினாளாம். நான் குசினிக்குப் போகும் நேரம், தொழும் நேரம், கடைத்தெருவுக்குப் போகும் நேரம் களவாக மடக்கிப் பார்த்திருக்கிறாள். நோவுக்குத் துவாய்த் துணியைக் கடித்துக்கொள்வாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்குப் பயம் எண்டு தெரியும் உம்மா, அண்டைக்கு ஆஸ்பத்திரியில உங்கட முகத்தைப் பார்த்தன், றினாஸும் போய் நீங்களும் விழுந்தா நான் என்ன செய்யிற எண்டுதான் கிடந்தன் என்றாள். நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த ஏழு மாதமும் அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அன்றைக்கே ஜெனிற்றாவுக்கு நானே போன் எடுத்தேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன், ஏசவில்லை, காலை ஆட்டாம வைங்க, எக்ஸ்றே எடுப்பம் என்றாள். ஊர் ஆஸ்பத்திரியிலேயே எடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ், கம்பி அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கே வந்தாள். பள்ளிக்கூடத்துப் பாகைமானி மாதிரி ஒன்றை முழங்காலில் வைத்து அளந்தாள், முப்பது பாகை என்றாள், ஒரு கதிரையில் ஒழுங்காக இருக்கத் தொண்ணூறு வேண்டுமாம். நான் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன், மௌலவி சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, நானும் இன்னும் ஒரு தரம் கேட்டிருக்க வேணும் அம்மா, உங்கட மனம் நோகும் எண்டு விட்டுட்டன் என்றாள். பிறகுதான் விசயத்துக்கு வந்தாள். பாலம் கடந்து இன்னும் ஒரு மணித்தியாலம் போகும் தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கே புனர்வாழ்வு வார்ட்டில் பெண்கள் பக்கம் ஒரு கட்டில் வருகிறது, நாளைக்குச் செவ்வாய் காலை போய்ப் படுத்தால் கட்டில் இவளுக்கு, போகாவிட்டால் அடுத்த ஆளுக்கு. ஆறு கிழமை, காலையும் பின்னேரமும் மடக்குவார்கள். அதிலும் சரிவராவிட்டால் மயக்கி வெட்டித்தான் பார்க்க வேண்டும், அதற்கும் உறுதி இல்லை. புனர்வாழ்வு என்று கேட்டதும் அஸீமா மாமி, அது தூள் குடிச்ச பொடியன்மாரை அனுப்புற இடமல்லவா என்று தொடங்கினா. ராத்தா, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க என்று வாப்பா சொன்னார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் தன் ராத்தாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது அவளுடைய பையைக் கட்டி வைத்திருக்கிறேன், என்னுடையதையும் கட்டி வைத்திருக்கிறேன். உள்ளே போகும் நோயாளிக்கு ஒரு பெண் துணை நிற்கலாமாம், நான் நிற்பேன். பயம் விடவில்லை மகன். அந்தப் பாலத்தில் மறுபடியும் கத்துவாளோ என்று பயம், ஆறு கிழமை பட்டும் மடங்காமல் போனால் என்று பயம், மடங்கியிருக்க வேண்டிய நாளை நான் தின்றுவிட்டேனோ என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். எனக்கு ஐம்பத்தாறு வயது, சுகர் இருக்கிறது. நான் மௌத்தான பிறகு அவளைக் கட்டிலால் யார் இறக்குவார்? நஸ்ஹாவா? நாலு வயதுப் பிள்ளை இப்போதே கோப்பையும் தண்ணீருமாகத் தன் உம்மாவின் கட்டிலுக்கு ஓடுகிறது. பள்ளியில் அஸர் பாங்கு சொல்கிறது, எழும்புகிறேன். மிச்சத்தை நாளைக்குப் போகும் முன் எழுதி முடிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, பகல்.

மகன், நான் வீட்டில்தான் இருக்கிறேன். போகவில்லை. வேன் காலை ஏழு மணிக்கே வந்தது, பின் ஆசனத்தை மடக்கி அவள் கால் நீட்டி இருக்க இடம் செய்திருந்தார்கள். வாப்பா பையை ஏற்றினார். நான் அபாயா போட்டு, நஸ்ஹாவை அஸீமா மாமியிடம் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டச் சாவியோடு நிற்கிறேன். றுமைஸா வோக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரைக்கும் தானே வந்தாள், பதினொரு அடி, நான் எண்ணினேன். வாசலில் நின்று, உம்மா, நீங்க வராதீங்க என்றாள். எனக்கு விளங்கவில்லை. ஸகியா சாச்சி வந்து நிக்கட்டும், அவட்ட நான் நேத்தே கேட்டுட்டன், நீங்க வேணாம் என்றாள். சாச்சி பையோடு தெருவில் நிற்கிறாள், என் கூடப் பிறந்தவள், ஒரு வார்த்தை எனக்குச் சொல்லாமல். ஏன் மகள், உம்மா என்ன செஞ்சன் என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் எப்படி வந்ததோ. அவள் அழவில்லை. நோகக்குள்ள நான் உங்களைத்தான் பார்ப்பன் உம்மா, நீங்க அழுவீங்க, நான் வீட்ட போவம் எண்டு கேப்பன், நீங்க கூட்டிட்டு வந்துடுவீங்க. எனக்கு நஸ்ஹாவோட நடக்க வேணும் என்றாள். வாப்பா வேனுக்கு மற்றப் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அவள் முக்காட்டைச் சரி செய்துவிட்டு, சரி மகள், போய் வா என்றேன். வேன் திரும்பிப் பிரதான வீதிக்கு ஏறும் வரைக்கும் நின்றேன், பிறகு உள்ளே வந்து அபாயாவைக் கழற்றிக் கொளுவினேன்.

பத்து மணிக்கு வாப்பா போன் எடுத்தார். பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஸகியாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாளாம், கத்தவில்லையாம். கட்டில் கொடுத்துவிட்டார்கள், யன்னல் ஓரமாம். மூன்று மணிக்கு முதல் தரம் மடக்குவார்களாம். இப்போது இரண்டே முக்கால். இந்த வீட்டில் இவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை, அவள் கத்தினாலும் இங்கே கேட்காது என்று தெரிந்தும் காது அங்கேதான் கிடக்கிறது. எதிர்வீட்டுத் தம்பி புறப்பட்டு வாசலில் நிற்கிறார், ஒரு நிமிடம் தம்பி என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒவ்வொரு போனிலும் நீ அவளிடம், நீ ஒண்டும் யோசிக்காத தங்கச்சி, படுத்துக் கிட, உன்ட நானா நான் இருக்கன் என்பாய். அன்பில்தான் சொல்கிறாய், எனக்குத் தெரியும், நானும் அன்பில்தான் செய்தேன். இனி அப்படிச் சொல்லாதே, இன்றைக்கு எத்தனை பாகை மடங்கிற்று என்று கேள், எத்தனை அடி நடந்தாய் என்று கேள். அவள் அழுதால் கேட்டுக்கொண்டிரு, போனை வைக்காதே, ஆனால் வீட்ட வா என்று சொல்லிவிடாதே. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, மேலே ஏறி வேலை செய்யும்போது அந்தத் தலைக்கவசத்தைப் போடு, மோட்டார் சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் என்னிடம் சொல்லாமலே அதை விட்டுவிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன் தங்கச்சிக்குத் தன் காலில் நின்று தொழும் பாக்கியத்தையும் தரட்டும். வாப்பாவும் நஸ்ஹாவும் உனக்கு ஸலாம் சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். இந்த ஆறு கிழமைக்குள் ஒரு நாள் நான் உனக்குப் போன் எடுப்பேன். எடுக்காமல் இருக்க என்னால் முடியாது, என்னை எனக்குத் தெரியும். மகன், போதும், புள்ள படுறது காணும், வாப்பாட்டச் சொல்லிக் கூட்டிட்டு வரச் சொல்லு என்று அழுவேன், ஆணையிட்டும் கேட்பேன், பெற்ற வயிறு என்பேன். அன்றைக்கு நீ என் பேச்சைக் கேட்கக் கூடாது. இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திரு, அந்த நேரம் எடுத்து எனக்கே வாசித்துக் காட்டு.

துஆவுடன்,
உன் உம்மா
நஸீபா